சொத்தை இல்லாத வாய்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வயது ஐம்பத்து மூன்று. இத்தனை வருடத்தில் ஒரு பல் டாக்டரின் நாற்காலியில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் கூப்பிட்டுச் சொன்னார். சொத்தை கிடையாது, அடைத்தது கிடையாது, பிடுங்கியது கிடையாது. சிவப்பு சிக்னலில் வண்டி நிற்கும்போது, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்திருக்கும் மாணவரிடம் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அதைத் தன் பல்லில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

மாணவர்கள் அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடியை இறக்குவார்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஆனாலும் இறக்குவார்கள். புதிதாக வண்டி பிடிப்பவர்களுக்குப் பயத்தில் மூச்சு முட்டும் என்று மாஸ்டர் கண்டுபிடித்து வைத்திருந்தார். "காத்து நல்லா வாங்கிக்கப்பா" என்று அன்போடு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் சாய்ந்து தைரியம் சொல்வார். அவர்கள் தலையையும் வெளியே நீட்டுவார்கள்.

அவர் வீட்டு அதிர்ஷ்டமோ என்னவோ, ஒரே மகளுக்கு அமைந்த மாமியார் ஒரு ஈறு டாக்டர். சம்பந்தம் பேச இரண்டு குடும்பமும் உட்கார்ந்த முதல் நாளே மாஸ்டருக்கு அது புரியவில்லை. பல்லுக்கு டாக்டர் சரி, ஈறில் என்ன இருக்கிறது? பல்லைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கிற சதைதானே. ஆனாலும் மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "எங்கிட்ட எல்லாம் உங்களுக்கு வேலையே இருக்காதுங்க சம்பந்தியம்மா" என்று சொல்லி, அத்தாட்சிக்கு வாயை அகலத் திறந்து சிரித்தும் காட்டினார்.

சம்பந்தியம்மா எதிர் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி, பற்கள் நீண்டு தெரிந்ததையும், இடுக்குகளில் மஞ்சளாகக் காரை கட்டி நின்றதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டார். ஆனால் பெண் வீட்டாரோடு பேசுகிற முதல் பேச்சே "உங்க வாய் சரியில்லை" என்று இருக்க முடியுமா? உதடு பிரியாமல் புன்னகைத்துவிட்டு, தண்ணீரைக் குடித்தார்.

கல்யாணம் முடிந்து நாலு மாதத்தில் சம்பந்தியம்மாவின் கிளினிக் ஊரின் மறுகோடிக்கு மாறியது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்வது என்று ஐம்பத்தைந்து வயதில் முடிவெடுத்தார். முதலில் மகன்தான் சொல்லிக்கொடுத்தான். இரண்டாம் நாளே தாயும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசாமல் ஆளுக்கொரு அறையில் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மருமகள்தான் சமாதானம் பேசி, "அப்பாகிட்டயே கத்துக்கோங்க அத்தை" என்று வழி சொன்னாள்.

மாஸ்டருக்கு ஒரு கொள்கை உண்டு. சம்பந்தி என்பதெல்லாம் வீட்டில். வண்டிக்குள் ஏறிவிட்டால் மாணவி. அரை மில்லிமீட்டர் இடத்தில் கத்தி பிடித்து வேலை செய்த கைகள் சம்பந்தியம்மாவுடையவை. ஆனால் அவர் காலுக்கும் கிளட்சுக்கும் பூர்வஜென்மப் பகை. வண்டி துள்ளும், குலுங்கும், உயிரை விடும். "மெதுவா. மெதுவா விடுங்க. அது என்ன ஓடிப்போயிடவா போகுது?" என்று மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே குரலை உயர்த்துவார். கிளினிக்கில் எல்லோரும் எழுந்து நிற்கிற டாக்டர், காரில் வாயைத் திறக்காமல் திட்டு வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள், மார்க்கெட் தெரு சிக்னலில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன். மாஸ்டர் குறுக்கே சாய்ந்து, கியரைச் சுட்டிக்காட்டி, முகத்துக்கு நேராக விளக்கம் சொன்னார். சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கினார்.

"பயப்படாதீங்க, எல்லாருக்கும் இப்படித்தான் மூச்சு முட்டும்" என்றார் மாஸ்டர்.

சம்பந்தியம்மா வண்டியைக் கிளப்பி சிக்னலைத் தாண்டினார். யாரும் சொல்லாமலே இண்டிகேட்டர் போட்டு, ஒரு பூட்டிய கடை வாசலில் ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். ஆறு நாளில் அவர் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அது. மாஸ்டர் பாராட்ட வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கிளட்ச்தானே? போகப்போக வந்துடும்."

"கிளட்ச் இல்ல. பல்லு தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

மாஸ்டர் யோசித்தார். வரும்தான். கொஞ்சம்போல. ஆறேழு வருடமாக வருகிறது. பிரஷ் குத்துகிறது என்று நினைத்து, ரத்தம் வருகிற இடத்தை மட்டும் பாவம் பார்த்துத் தேய்க்காமல் விட்டுவிடுவதாகப் பெருமையாகவே சொன்னார். சம்பந்தியம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

"கை கழுவும்போதெல்லாம் கையில ரத்தம் வந்தா, ஆறு வருஷம் சும்மா இருப்பீங்களா?"

"ஆனா வலிக்கவே இல்லையே."

"வலிக்காம இருக்கறதுதான் அதோட தந்திரம்."

"எனக்குச் சொத்தையே கிடையாதுங்களே" என்று மாஸ்டர் கடைசிச் சீட்டை இறக்கினார்.

"உங்க பல்லுல ஒரு குறையும் இல்ல. டயரெல்லாம் புதுசு மாதிரிதான் இருக்கு. நட்டுதான் லூசு."

வண்டிக்காரருக்கு வண்டிக்காரர் பாஷையிலேயே சொன்னதால் அது நேராக உள்ளே போய்விட்டது. மாஸ்டர், இறங்கியிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அது எதற்காக இறங்கியது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏசி கொஞ்சம் அதிகமாக இருந்தது என்றார் சம்பந்தியம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் மனைவியைத் தேடினார். அவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். மேஜையில் பழைய புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டிருந்தார். என் வாய் நாறுகிறதா என்று மாஸ்டர் நேரடியாகவே கேட்டார். மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தினம் உங்க சட்டைப்பையில புதினா மிட்டாய் எதுக்கு வைக்கிறேன்னு நெனச்சீங்க?"

மாஸ்டர் அதை அன்பு என்று நினைத்திருந்தார். இரண்டு வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தார். சொல்லவும் செய்தார்.

"அன்புதான். இல்லன்னா மூக்கப் பொத்திக்கிட்டு போயிருக்க மாட்டேனா" என்றார் மனைவி. நாலு தடவை சொல்லிப் பார்த்ததையும் நினைவுபடுத்தினார். மூன்று தடவை மாஸ்டர் டி.வி. சத்தத்தைக் கூட்டினாராம். நாலாவது தடவை, பூண்டு சாப்பிட்டதால் என்று சமாளித்தாராம். அன்றைக்கு வீட்டில் பூண்டே இல்லையாம்.

உடனே டாக்டரிடம் போயிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தி வீட்டு அம்மாள் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து படுப்பதா? இரண்டு வாரம் மாஸ்டர் சொந்த வைத்தியம் பார்த்தார். உப்புத் தண்ணீரால் கொப்பளித்தார். நீல நிறத்தில் ஒரு வாய்க்கழுவி வாங்கி, விளம்பரத்தில் வருகிற மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். கடையில் இருந்ததிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி, பாத்திரம் துலக்குகிற வேகத்தில் துலக்கினார். ரத்தம் கூடத்தான் செய்தது. மனைவி மிட்டாயை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார்.

வகுப்பு நேரத்தில்தான் பெரிய சிரமம். மாணவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பவே கூச்சமாக இருந்தது. தன் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே "லெஃப்ட்", "ரைட்" என்று ஜன்னலுக்குச் சொல்ல ஆரம்பித்தார். சம்பந்தியம்மாவுக்கும் அப்படியே. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட மதில் ஓரமாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் ஜன்னலிடம் "நிறுத்துங்க" என்றார். அது சம்பந்தியம்மா காதில் "திருப்புங்க" என்று விழுந்தது. திருப்பினார். மாஸ்டரும் பின்னால் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்ததால், பிரேக்கில் கால் போவதற்கு முன்னாடியே தகரக் குப்பைத்தொட்டி கவிழ்ந்து, தெரு முழுக்க உருண்டோடியது.

யாருக்கும் அடியில்லை. இருவரும் இறங்கி, குனிந்து, ஆளுக்கொரு பக்கமாகக் குப்பையை அள்ளிப் போட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் மாஸ்டர் கண்ணெதிரே ஒரு வண்டி எதன்மீதும் இடித்ததில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"என்னப் பாத்துச் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது" என்றார் சம்பந்தியம்மா, கையைத் தட்டிக்கொண்டே. "வியாழக்கிழமை பத்து மணிக்கு கிளினிக்குக்கு வந்துடுங்க. வரலன்னா நான் வேற ஸ்கூல்ல சேந்துடுவேன்."

வியாழக்கிழமை மாஸ்டர் போனார். மனைவி அன்று மத்தியானம்தான் நூலகம் போனால் போதும் என்று கூடவே வந்தார். அது ஆறுதலுக்கா வேடிக்கை பார்க்கவா என்று மாஸ்டருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. முகத்துக்கு மேலே விளக்கு எரிந்தது. சம்பந்தியம்மா கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல விட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் நம்பர் சொன்னார். உதவியாளர் பெண் குறித்துக்கொண்டாள். "மூணு, ரெண்டு, மூணு." பிறகு "அஞ்சு, அஞ்சு, ஆறு." எண் ஏற ஏற மாஸ்டருக்குத் தெம்பு வந்தது. பரவாயில்லை, பின்னால் உள்ள பற்கள் நல்ல மார்க் வாங்குகின்றன. வலது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு "எட்டு" என்று கேட்டபோது, வாயில் கம்பியை வைத்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விளக்கம் கேட்டபிறகு விரல் மடங்கியது. அது மார்க் இல்லை, பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டரில். ஈறு பல்லை இறுக்கிப் பிடித்திருந்தால் இரண்டு, மூன்றுக்கு மேல் போகாது. தினமும் பல் ஓரத்தில் படிகிற அழுக்கை எடுக்காமல் விட்டால் அது காரையாக இறுகிவிடும், ஈறு வீங்கும், பல்லை விட்டு விலகும், விலகின பள்ளத்தில் இன்னும் அழுக்கு சேரும். அப்படியே கீழே இறங்கி, பல்லைத் தாங்குகிற எலும்பையே கரைக்கும். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய கோட்டுக்கும் இருக்கிற கோட்டுக்கும் நடுவே ஒரு பட்டை இருட்டாக இருந்தது.

போன எலும்பு திரும்பி வராது என்றார் சம்பந்தியம்மா. ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், அந்த எட்டைத் தவிர. அதை மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை அதிகமிருந்தாலும் ஈறு கெடும் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். முடிவு எல்லைக்கோட்டின்மேல் நின்றது. அன்றோடு மாஸ்டரின் டீயில் மூன்று கரண்டி ஒன்றாகிவிட்டது.

சுத்தம் செய்வது இரண்டு தவணையாக நடந்தது. ஒரு நாள் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர்வரைக்கும் சுரண்டி எடுத்தார்கள். ஊசி போடும்போது மாஸ்டர் நாற்காலிக்கு அடியில் வலது காலை ஓங்கி அழுத்தினார். "அங்க பிரேக் இல்ல மாஸ்டர்" என்றார் சம்பந்தியம்மா. வாயில் குழாயை வைத்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. மரத்த வாயோடே மத்தியானம் வகுப்புக்குப் போய், "லெஃப்ட்" என்று சொல்லப் போக அது "வெஃப்ட்" என்று வந்து, ஒரு கல்லூரிப் பெண் நடுச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் அவரை உண்மையில் வாட்டியது ஊசி அல்ல, பிரஷ். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, மிருதுவான பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்து, தேய்த்துக் காட்டச் சொன்னார் சம்பந்தியம்மா. மாஸ்டர் பழைய வேகத்தில் ஆரம்பித்தார்.

"மெதுவா. மெதுவா. அது என்ன ஓடிப்போயிடவா போகுது?"

எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் முடி படவேண்டும். சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். காலையிலும் படுக்கப் போகுமுன்பும் இரண்டு நிமிடம். பிறகு பல்லிடுக்கில் விட்டு எடுக்க ஒரு குட்டி பிரஷ். எட்டு தடவை செய்தும் எட்டு தடவையும் தப்பு. உள்ளங்கை ஈரமாகிவிட்டது, கழுத்தில் வியர்த்தது, சொல்லச் சொல்லக் கை இன்னும் முரண்டு பிடித்தது. மனைவி வேறு சுவரில் சாய்ந்துகொண்டு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத ஒரு காரியத்தை, தெரிந்த ஒருத்தர் முன்னால், திட்டு வாங்கிக்கொண்டே செய்வது எப்படி இருக்கும் என்பதை இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேருக்கு வழங்கியவர், அன்றுதான் வாங்கிப் பார்த்தார். அடுத்த வாரம் அவருடைய வண்டியில் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதல் சில நாள் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. மாஸ்டர் போன் போட்டுக் குற்றம்சாட்டுகிற குரலில் தெரிவித்தார். அந்த இடத்தை விட்டுவிடாமல் அங்கேதான் தேய்க்க வேண்டும், விட்டதால்தானே இவ்வளவும் என்று பதில் வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் துப்பியபோது நுரை வெள்ளையாகவே இருந்தது. மாஸ்டர் குழாயைத் திறக்காமல் மனைவியைக் கூப்பிட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில், வந்து பார் என்று அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியவை குறைவு; அதில் எச்சில் இதுவே முதல். மனைவி பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தக் கடைவாய்ப்பல்லை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஆறு வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். மாஸ்டர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். சொத்தை இல்லை, கீறல் இல்லை, வேர் முழுதாக இருந்தது. நல்ல பல். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க யாரும் அவரைச் சீண்டவில்லை, மனைவிகூட. இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குழைத்து வைத்தார், அவ்வளவுதான். மற்ற இடங்களில் பள்ளம் மூன்று, நாலு என்று இறங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இது ஒருமுறை பார்த்து முடித்துவிடுகிற வேலை இல்லை என்று சம்பந்தியம்மா சொன்னபோது, மாஸ்டர் உடனே தேதி குறித்துக்கொண்டார்.

சம்பந்தியம்மா லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தோற்றார், ரிவர்ஸ்தான். இரண்டாம் தடவை தேறினார். அதன் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனையும் மருமகளையும் உட்காரவைத்து அவரே மாஸ்டர் வீட்டுக்கு ஓட்டிவந்தார். தெருவில் நடந்து போகிறவர்கள் வண்டியை முந்திக்கொண்டு போனார்கள். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, நன்றாக ஓட்டுகிறீர்கள் என்றார்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மகள் வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டே, "அப்பா, எனக்கும் இப்பல்லாம் பல்லு தேய்ச்சா ரத்தம் வருது" என்றாள், கணவனைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி.

மாஸ்டர் எழுந்துவிட்டார். இதற்காகவே காத்திருந்தவர்போல உள்ளே போய், பிரிக்காத புது பிரஷ் ஒன்று, குட்டி பிரஷ் ஒரு பாக்கெட், கைக்கண்ணாடி ஆகியவற்றோடு திரும்பினார். மகளைக் கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஓரத்தில் படவேண்டும், ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடவே கூடாது, வலி இல்லையே என்று இருந்துவிடவும் கூடாது. வீட்டிலேயே டாக்டரை வைத்துக்கொண்டு இதைக் கவனிக்காமல் விட்டதற்கு மாப்பிள்ளைக்கும் ஒரு சின்னக் குட்டு வைத்தார்.

மாஸ்டரின் மனைவி அவர் பேசுவதைக் கேட்கவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "எத்தன வாரம்?" என்று கேட்டார்.

"பத்து" என்றாள் மகள்.

"அவ்வளவுதானே ஆச்சு, இப்பவே பிடிச்சுட்டா ஒண்ணும் இல்ல" என்று மாஸ்டர் தொடர்ந்தார். "எனக்கு ஆறு வருஷம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். அவனுடைய தோள் குலுங்கியது. சம்பந்தியம்மா இந்தத் தடவை உதட்டை மூடிக்கொள்ளாமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிள்ளை உண்டான சமயத்தில் பலருக்கு ஈறு இப்படி வீங்கி ரத்தம் வரும் என்றும், போன வாரமே பார்த்துச் சுத்தம் செய்துவிட்டதாகவும், பயப்பட ஒன்றும் இல்லை என்றும் பொதுவாகச் சொன்னார். பிறகு, மாஸ்டர் இன்னும் பிரஷ்ஷைச் சாய்த்தபடியே நிற்பதைப் பார்த்து, நேராகவே சொன்னார்.

"சம்பந்தி, நீங்க தாத்தா ஆகப்போறீங்க."

மாஸ்டர் பிரஷ்ஷைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி பிரஷ்ஷைப் பார்த்தார். பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மகள் எழுந்து வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள், அவரும் அசையவில்லை.